குற்ற விகிதத்தைப் பார்த்து ஊரை ஒதுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஏதோ ஒரு சின்ன ஊரில் வேலை கிடைத்து, போகலாமா வேண்டாமா என்று ராத்திரியெல்லாம் பேசிக்கொண்டிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வரவிருந்த ஒரு தமிழ் டாக்டர் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலை பிடித்திருந்தது, வாடகை வீடுகூடப் பார்த்தாயிற்று. அவர் மனைவி இணையத்தில் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறார். குற்ற வரைபடத்தில் ஊர் முழுக்கச் சிவப்பு. பாதுகாப்புக்கு எஃப் கிரேடு, அதாவது ஃபெயில். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இங்கே எப்படிக் குடியிருப்பது என்று கேட்டிருக்கிறார். அவர் பயந்ததில் தப்பே இல்லை. பெற்றவள் அப்படித்தான் கேட்பாள். ஆனால் அவர் நம்பிய அந்தக் குற்ற விகிதம் என்ற எண்ணைப் பற்றி யாராவது அவரிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். நான் பேசாமல் விட்டது மனதை உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். ஊரில் ஐயாயிரம் பேர். மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு கொலை நடந்தது. சொத்துத் தகராறில் அண்ணனைத் தம்பி சுட்டுவிட்டான். ஊரே கலங்கிப் போயிற்று. குற்ற விகிதம் என்பது லட்சம் பேருக்கு எத்தனை என்ற கணக்கு. ஐயாயிரம் பேரில் ஒரு கொலை என்றால் லட்சத்துக்கு இருபது. 2023ல் அமெரிக்கா முழுவதற்குமான கொலை விகிதம் ஆறுக்கும் கீழே. ஆக, அந்த ஒரு வருடம் எங்கள் ஊர் நாட்டின் சராசரியைவிட மூன்று மடங்குக்கு மேல் பயங்கரமான ஊர். அடுத்த வருடம் பூஜ்யம். இடையில் ஊரில் எதுவும் மாறிவிடவில்லை.

இதைவிடத் தெளிவாக ஒன்று சொல்கிறேன். கொலராடோவில் டென்வரை ஒட்டி லேக்சைட் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் 16 பேர். பதினாறாயிரம் அல்ல, பதினாறே பேர். ஆனால் 1908லிருந்து நடக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவும் ஒரு வால்மார்ட்டும் அந்த ஊர் எல்லைக்குள் வருகின்றன. வெளியூர்க்காரன் ஒருவன் அந்த வால்மார்ட்டில் ஒரு டிவியைத் தூக்கிக்கொண்டு ஓடினால், அந்தத் திருட்டைப் பதினாறால் வகுப்பார்கள். ஒரே ஒரு திருட்டு, லட்சத்துக்கு 6,250 என்று ஆகிவிடும். நாடு முழுவதற்கும் சொத்துக் குற்ற விகிதம் 2023ல் சுமார் 1,900தான். நீங்கள் பார்க்கிற ஊரில் நெடுஞ்சாலை ஓரம் பெரிய கடை இருக்கிறதா, சுற்று வட்டாரமே அங்கேதான் சாமான் வாங்க வருகிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் ஊரின் சிவப்பில் பாதி அந்தக் கடை வாசலிலிருந்து வருவது.

இந்த எண்கள் எங்கிருந்து கிடைக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1930லிருந்து மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ நாட்டிலுள்ள போலீஸ் துறைகளிடம் கணக்கு வாங்கித் தொகுக்கிறது. மொத்தம் சுமார் 18,000 துறைகள். எஃப்பிஐக்குக் கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று மத்தியச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பழைய முறையில் ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்தால் மிகக் கொடியதை மட்டுமே எண்ணுவார்கள். 2021ல் எல்லோரும் புதிய முறைக்கு மாற வேண்டும் என்றபோது ஆயிரக்கணக்கான துறைகளால் கணக்கே அனுப்ப முடியவில்லை. நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலீசும்கூட அதில் சேர்த்தி. பெருநகரத்துக்கே அந்த நிலை என்றால், நான்கு போலீஸ்காரரும் ஒரு கிளார்க்கும் இருக்கும் ஊரில் எப்படி இருந்திருக்கும்? இந்தக் கணக்கை வைத்து ஊர்களை வரிசைப்படுத்தாதீர்கள் என்று எஃப்பிஐயே பல வருடமாகச் சொல்லிவருகிறது. ஆனாலும் சிவப்பு, பச்சை என்று வண்ணம் அடித்து விற்கிறார்கள்.

பச்சையாக இருக்கும் ஊரை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்றும் சொல்லியாக வேண்டும். வன்முறைக் குற்றங்களில் பாதிக்கும் குறைவானவைதான் போலீஸ் காதுக்கே போகின்றன என்று மத்திய அரசின் ஆய்வு காட்டுகிறது. நம் வீடுகளுக்குள் நடக்கும் அடிதடியையும் இதில் சேர்த்துத்தான் சொல்கிறேன். கணவனின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்த பெண், போலீசைக் கூப்பிட்டால் கணவன் வேலை போகும், விசா போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள். அக்கம்பக்கத்தில் தமிழ் பேசும் ஆளும் கிடையாது. அவளைப் போன்றவர்களுக்காகவே 2000ல் கொண்டுவந்த யூ விசா பற்றி யாரும் அவளிடம் சொன்னதில்லை. குற்றத்துக்கு ஆளாகி, விசாரணைக்கு ஒத்துழைப்பவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு அப்படி ஒரு பெண்ணைத் தெரிந்தால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் எதைத்தான் பார்ப்பது? ராத்திரி இரண்டு மணிக்கு நான் கூப்பிட்டால் யார் வருவார், எத்தனை நிமிடத்தில் வருவார்? இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அமெரிக்காவில் உள்ளூர்ப் போலீஸ் துறைகளில் ஏறக்குறைய பாதியில் பத்துப் பேருக்கும் குறைவான அதிகாரிகள்தான். மினசோட்டாவில் குட்ஹியூ என்ற சுமார் 1,300 பேர் இருக்கும் ஊரில், 2023 ஆகஸ்டில் தலைமை அதிகாரி உட்பட மொத்த போலீசும் ராஜினாமா செய்துவிட்டார்கள். ஊர் கொடுக்கிற சம்பளத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். அப்புறம் கவுண்டி ஷெரிஃப், அதாவது மாவட்டப் போலீஸ் தலைவர், அந்த ஊரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. குட்ஹியூவின் குற்ற விகிதத்தை எத்தனை முறை பார்த்திருந்தாலும் இப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. நகரமன்றக் கூட்டத்துக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். பெரும்பாலான ஊர்களில் பொதுமக்கள் எழுந்து பேசச் சில நிமிடம் தருவார்கள். பட்ஜெட்டில் போலீசுக்கு எவ்வளவு, இரவுப் பணியில் எத்தனை பேர் என்று கேளுங்கள், பதில் சொல்வார்கள். முதல் தடவை போனபோது எனக்குக் கை நடுங்கியது, என் ஆங்கிலத்தை நினைத்து. யாரும் சிரிக்கவில்லை.

சின்ன ஊர்களில் இன்னொரு வசதியும் உண்டு. வாரப் பத்திரிகையில் போலீஸ் குறிப்பேட்டை அப்படியே அச்சிடுகிறார்கள். ஒரு வருடத்துப் பழைய இதழ்களை நூலகத்தில் உட்கார்ந்து புரட்டினால் ஊரின் நாடி பிடிபட்டுவிடும். எங்கள் ஊர் இதழில் நான் படிப்பது இதுதான்: மான் மீது மோதிய கார், பூட்டாத காரிலிருந்து காணாமல் போன கைப்பை, ரோட்டுக்கு வந்துவிட்ட மாடு, கணவன் மனைவி சண்டை. அப்புறம், மாதத்தில் இரண்டு மூன்று தடவை, போதை மருந்து அளவு மீறி விழுந்து கிடந்தவர்கள். இந்தக் கடைசி விஷயம் எங்கள் ஊரின் உண்மையான காயம். சிவப்பு வரைபடத்தில் அதற்கு இடமே இல்லை.

அப்பா அம்மாவை இங்கே வரவழைக்கும் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் என்ற ஊரில், மகன் வீட்டுக்கு வந்திருந்த 57 வயது குஜராத்திக்காரர் ஒருவர் காலையில் நடந்துகொண்டிருந்தார். சந்தேகமாக இருக்கிறது என்று யாரோ போலீசைக் கூப்பிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வந்த அதிகாரி அவரைத் தரையில் தூக்கி அடித்ததில் கழுத்து எலும்பில் அடிபட்டு உடல் பாதி செயலிழந்துவிட்டது. மாநில ஆளுநர் இந்திய அரசிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த அதிகாரி மீதான மத்திய வழக்கில் இரண்டு முறை ஜூரிகள் முடிவுக்கு வர முடியாமல் போக, கடைசியில் நீதிபதி அவரை விடுவித்துவிட்டார். மேடிசன் நல்ல பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன ஊர். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் பெரியவர்கள் வந்த முதல் வாரத்திலேயே அவர்களைக் கூட்டிக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய் அறிமுகம் செய்துவிடுங்கள். ஒரு தட்டில் முறுக்கு போதும். போலீஸ் நிலையத்துக்கும் கூட்டிப் போங்கள். நான் என் மாமனாரைக் கூட்டிப் போனேன். ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை பல ஊர்களில் போலீசும் குடிமக்களும் தெருவில் கூடிச் சாப்பிடும் நேஷனல் நைட் அவுட் நடக்கும். அன்றைக்குப் போனால் இன்னும் சுலபம். இப்போது மாமனார் நடக்கப் போகும்போது ரோந்து வண்டி நின்று கை காட்டிவிட்டுப் போகிறது.

911 என்ற அவசர உதவி எண்ணையும் சொல்லிக்கொடுங்கள். அந்த எண்ணில் முதல் அழைப்பு போனது பெருநகரத்தில் அல்ல. 1968 பிப்ரவரி 16ஆம் தேதி அலபாமாவில் ஹேலிவில் என்ற குட்டி ஊரில். இன்று பல அழைப்பு மையங்களில் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைக்கும் வசதி இருக்கிறது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: வீட்டு எண், தெருப் பெயர், ஊர்ப் பெயர், 'தமிழ் ப்ளீஸ்', எல்லாம் தமிழ் எழுத்தில். ஒரு மதியம் நான் வேலையில் இருந்தபோது மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. மாமியார் அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். இரண்டு நிமிடத்தில் மறுமுனையில் தமிழ்க்குரல். ஆம்புலன்ஸ் ஒன்பதாவது நிமிடம் வாசலில்.

கடைசியாக, நகையை வீட்டில் வைக்காதீர்கள். நம்மிடம் தங்கம் இருக்கும் என்று இந்தியக் குடும்பங்களையும் மற்ற ஆசியக் குடும்பங்களையும் தேடிப் பல மாநிலங்களில் வீடு புகுந்த ஒரு கும்பலின் தலைவிக்கு 2019ல் மிச்சிகனில் உள்ள மத்திய நீதிமன்றம் 37 வருடச் சிறைத்தண்டனை கொடுத்தது. பேங்க் லாக்கருக்கு வருடத்துக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்.

டாக்டர் தம்பதிக்கு: அந்த இடத்துக்கு ஆஸ்பத்திரி இன்னும் ஆள் எடுக்கவில்லை. குழந்தையோடு ஒரு வார இறுதிக்கு வாருங்கள். எங்கள் வீட்டில் மாடி அறை காலியாக இருக்கிறது. வெள்ளி ராத்திரி ஊரைச் சுற்றி நடப்போம், சனிக்கிழமை போலீஸ் நிலையத்துக்குப் போவோம். உங்கள் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
சின்ன ஊரில் குடியிருக்கும் ஒரு தமிழ்த்தாய்