பட்டன்வில் நிலம்: ஒன்ராறியோவின் மார்க்கம் நகரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேயர் அவர்களுக்கும் கவுன்சிலர்களுக்கும்,

1953இல் புல்தரை ஓடுபாதையாகத் தொடங்கி 1962இல் முறையான விமான நிலையமான பட்டன்வில், 2023 நவம்பர் இறுதியில் மூடப்பட்டது. சிறு விமானங்கள் போனதற்காக நான் ஒப்பாரி வைக்கப்போவதில்லை. முன்பு வீடு, அலுவலகம், கடை என்று பேசப்பட்ட அந்தச் சுமார் 170 ஏக்கர் இப்போது தொழிற்பகுதி என்று பேசப்படுகிறது. அதையும் நான் எதிர்க்கவில்லை. பக்கத்திலேயே 404 நெடுஞ்சாலை. லொறிகளுக்கு இதைவிடத் தோதான நிலம் மார்க்கத்தில் கிடைப்பது கடினம். இருக்கிற நிலமெல்லாம் வீடாகிவிட்டால் வேலைக்கு எங்கே போவது?

என் கவலை, மண், தண்ணீர், சத்தம் என்று கேட்டால் "அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சைப் பற்றியது. பிறகு என்று ஒன்று இப்போது கிடையாது. 2022 ஜூலை முதல் ஒன்ராறியோவில், நிலத்தில் எது எங்கே வரும் என்று காட்டும் கட்டடத் தள வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பது அதிகாரிகள்தான், கவுன்சில் அல்ல. 2024இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒரு நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் மண்டல விதியின் மாற்றத்தை எதிர்த்து அயலில் குடியிருக்கும் நாங்கள் ஒன்ராறியோ நிலத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்ய முடியாது. விண்ணப்பித்த நிறுவனம் போகலாம்! அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி மார்க்கத்தை உள்ளடக்கிய யோர்க் பிராந்தியத்தின் திட்டமிடல் பொறுப்பும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே மண்டல விதி உங்கள் மேசைக்கு வரும்போது நீங்கள் எழுதாமல் விடுவதைப் பிறகு வேறு யாராவது எழுதுவார்கள் என்று எங்களால் நம்பியிருக்க முடியாது.

முதலில் மண். பிஸ்டன் இயந்திரம் கொண்ட சிறு விமானங்களின் வழக்கமான எரிபொருள் 100எல்எல். பெயரில் 'ஈயம் குறைவு' என்று இருந்தாலும் ஒரு லீற்றரில் 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். காருக்கான பெற்றோலில் ஈயத்தைக் கனடா 1990இலேயே தடை செய்துவிட்டது. சிறு விமானங்களுக்கு விலக்குத் தொடர்ந்தது. விமானி புறப்படுமுன் இறக்கைத் தாங்கியிலிருந்து ஒரு சிறு குவளை எரிபொருள் எடுத்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பார்த்து முடிந்ததும் அதைத் தரையில் வீசிவிடுவது சிறு விமான நிலையங்களில் நெடுங்காலம் சாதாரணப் பழக்கம். பிறகு ஓடுபாதை முனையில் நின்று இயந்திரத்தை முடுக்கிச் சோதிப்பார்கள். ஈயப் புகை அதிகம் படிவது அந்த இடத்தில்தான். இத்தோடு எரிபொருள் தாங்கிகள், பழுதுபார்த்த கொட்டகைகள், பனி உருக்கும் திரவம் தெளித்த தரை.

பட்டன்வில்லில் மண் கெட்டுப்போயிருக்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. தோண்டிப் பார்த்து, முடிவை எல்லாருக்கும் காட்டுங்கள் என்கிறேன். மாகாணத்தின் 153/04 ஒழுங்குவிதியின்படி, நிலம் வீடு, பூங்கா போன்ற பயன்பாட்டுக்கு மாறும்போதுதான் தளநிலைப் பதிவு, அதாவது நிலத்தின் நிலையைச் சோதித்து மாகாணத்திடம் பதிவது, கட்டாயம். தொழிற்பயன்பாட்டுக்குப் போனால் அந்தக் கட்டாயம் இல்லை. வீடு கட்டியிருந்தால் தானாகவே நடந்திருக்கும் சோதனையை இப்போது நீங்கள் கேட்டால்தான் உண்டு. கிண்டிய மண் எங்கே போகிறது, தூசி யார் வீட்டு ஜன்னலுக்கு வருகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

அடுத்தது தண்ணீர். இந்தப் பகுதி நீர் ரூஜ் ஆற்றுக்குப் போகிறது. ரூஜ் வடிநிலத்தின் ஓடைகளில் ரெட்சைட் டேஸ் என்ற விரல் நீள மீன் இருக்கிறது. அழியும் ஆபத்திலுள்ள இனம். நீரிலிருந்து எம்பிப் பாய்ந்து பறக்கும் பூச்சியைப் பிடிக்கும். அதற்குக் குளிர்ந்த, கலங்காத தண்ணீர் வேண்டும். விமான நிலையத்தில் ஓடுபாதைகளுக்கு நடுவே புல்வெளி இருந்தது, மழை கொஞ்சமாவது மண்ணில் ஊறியது. ஏக்கர் கணக்கான கூரையும் தாரும் வந்தால் கோடை மழை சூடாகி ஓடைக்கு ஓடும். பனிக்காலத்தில் லொறி முற்றங்களில் கொட்டும் உப்பு கரைந்து ஆற்றோடு போகும். வழக்கமான மழைநீர்க் குளங்கள் சேற்றைப் பிடிக்கும், கரைந்த உப்பைப் பிடிக்காது. கட்டடத்துக்கு முன் மழைநீர்த் திட்டம், உப்புத் திட்டம் இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். விமானச் சத்தம் என்று முறைப்பாடு செய்தவர்களுக்கு, இரவு இரண்டு மணிக்குப் பின்னோக்கி வரும் லொறியின் 'பீப் பீப்' என்னவென்று இன்னும் தெரியாது. சரக்கேற்றும் வாசல்கள் 404 பக்கம் பார்க்கட்டும். உட்பைன் அவெனியூ பக்கத்து வீடுகளையும் பழைய பட்டன்வில் மரபுரிமைப் பகுதியையும் பார்க்க வேண்டாம். 16ஆம் அவெனியூ பிராந்தியத்தின் வீதி என்பதால் லொறிப் பாதை பற்றி இப்போதே யோர்க்குடன் உட்கார்ந்து பேசுங்கள்.

வேலைவாய்ப்பு என்ற சொல் இந்தத் திட்டத்தில் நிறையவே அடிபடும். எங்கள் சமூகத்தில் ஏஜென்சி மூலம் வெயார்ஹவுஸ் வேலைக்குப் போகாத வீடு குறைவு, அதனால் ஏமாறுவது கொஞ்சம் கடினம். தானியங்கி அடுக்குகள் நிறைந்த பெருங்கூடத்தில் மனிதரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் மாகாணச் சட்டத்தில் 'வேலைவாய்ப்புப் பகுதி' என்றால் முக்கியமாக உற்பத்தி, களஞ்சியம், அவற்றோடு சேர்ந்தவை. தனி அலுவலகங்கள் அதற்குள் வராது. அப்படியானால் உற்பத்திக்கு இடம் ஒதுக்குங்கள், முழுவதையும் களஞ்சியமாக்க விடாதீர்கள். நள்ளிரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்கு நடைபாதையும் பேருந்தும் இருக்குமா என்றும் கேளுங்கள்.

உங்களிடம் ஒரு கருவி இருக்கிறது: திட்டமிடல் சட்டத்தின் 36ஆம் பிரிவு. மண்டல விதியை நிறைவேற்றும்போதே நிலத்தின் மேல், நிபந்தனை நிறைவேறும்வரை கட்டுமானத்தை நிறுத்தி வைக்கும் 'எச்' குறியீட்டைப் போட்டு, மண் அறிக்கை, மழைநீர்த் திட்டம், லொறிப் போக்குவரத்து ஆய்வு மூன்றும் வந்து திருப்தியான பிறகு அதை நீக்கலாம். நீக்கும் அதிகாரமும் நகரசபையுடையதே. வாக்கெடுப்புக்கு முன் அந்த நிபந்தனைகளின் வரைவைப் பொதுவில் வெளியிடுங்கள். நாங்கள் வாசித்துவிட்டுக் கூட்டத்துக்கு வருகிறோம்.

இப்படிக்கு,
மார்க்கத்தில் வரி கட்டும் ஒரு குடியிருப்பாளர்