கீழ்ப்பிரிவிலும் கட்ட முடிகிற தவணை

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்புபோலத்தான். அதை எழுத வேண்டாம் என்கிறாள். கடலூரில் அக்காள் மகள் பள்ளி அணியில் கால்பந்து ஆடத் தொடங்கியிருக்கிறாள். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் தன் ஊர்க்காரர் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். ஊர்ச் செய்தி இவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கால்பந்துக் கழகத்தின் அரங்கத்தைப் பற்றி.

தீபாவளிக்கு முன் நீ அனுப்பிய நீண்ட செய்தியை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கட்டைவிரல் படம் மட்டுமே வருகிறது; வேலை அதிகம் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏறும் வாய்ப்பு இருக்கும்போதே கிழக்குப் பக்கத்து கேலரியை இடித்து இருமடங்காகக் கட்டிவிட வேண்டும், இருக்கை கூடினால் வருமானம் கூடும், வருமானம் கூடினால் நல்ல ஆட்டக்காரர்கள் வருவார்கள் என்று கழகத் தலைவர் சொல்வதாகவும், அதற்கான நிதி அறிக்கையை உன்னிடம் ஒப்படைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். பிரெஞ்சு நாட்டுக் கழகம் ஒன்றின் கணக்கை முத்தியால்பேட்டைப் பிள்ளை எழுதுகிறான் என்பதில் எனக்குள்ள பெருமையை நான் உன்னிடம் சொன்னதில்லை. பிரெஞ்சுப் படைக்குச் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, போய்வந்த உன் தாத்தா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். ஆனாலும் கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் தலை நரைத்தவன் நான். அந்தக் "கூடினால், கூடினால்" வரியைப் படித்ததும் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது.

கடன் மனுவோடு வரும் திட்ட மதிப்பீடுகளை நான் எப்போதும் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிப்பேன். முதல் ஆண்டு வரவை ஓரளவு உண்மையாக எழுதியிருப்பார்கள். ஐந்தாம் ஆண்டு வரவையோ, தவணை எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு, அதற்குப் போதுமானபடி பின்னாலிருந்து போட்டிருப்பார்கள். உன் தலைவர் கொடுத்த எண்களில் ஐந்தாம் ஆண்டு அணி எந்தப் பிரிவில் இருப்பதாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்.

நீ வாழும் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. லெ மான் கழகத்துக்காக 2011 ஜனவரியில் 25,000 இருக்கைகளோடு புதிய அரங்கம் திறந்தார்கள். அணியோ அதற்கு முந்தைய பருவத்தின் முடிவிலேயே முதல் பிரிவிலிருந்து இறங்கிவிட்டது. 2013இல் கழகம் திவாலாகி ஆறாம் நிலையிலிருந்து மறுபடி தொடங்கியது. கிரெனோபிளில் 20,000 பேர் அமரும் அரங்கம் திறந்த 2008ஆம் ஆண்டிலேயே அணியும் முதல் பிரிவுக்கு ஏறியது. எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். 2010இல் இறங்கினார்கள், 2011இல் கழகத்தையே கலைத்தார்கள். போர்தோ 2009இல் பிரான்சின் சாம்பியன். 2015இல் அவர்களுக்கு 42,000 இருக்கைகள் கொண்ட அரங்கம் கிடைத்தது. 2024இல் தொழில்முறைத் தகுதியையும் விட்டுக்கொடுத்து நான்காம் நிலைக்குப் போனார்கள். இந்த மூன்று கழகங்களும் அரங்கத்தால் மட்டுமே கெட்டன என்று நான் சொல்லவில்லை. நிர்வாகக் கோளாறுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அணி இறங்கியபோது ஆட்டக்காரர்களை விற்க முடிந்தது, சம்பளத்தைக் குறைக்க முடிந்தது. அரங்கத்தின் செலவை மட்டும் குறைக்க முடியவில்லை. அந்தச் சுமை கடைசியில் ஊர் மக்களின் தலையில் விழுந்தது.

ஆகவே உன் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அணி ஒரு பிரிவு கீழே இறங்கினாலும் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா? ஏறினால் எவ்வளவு வரும் என்பதைத் தலைவரே சொல்லிக்கொள்வார். இறங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்வதற்குத்தான் கணக்கு எழுதுகிறவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

இதை அரங்கத்துக்காக மட்டுமே எழுதுகிறேன். வேறு எதையும் நான் கேட்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுத் தவணையில் அடுக்குமாடி வீடு வாங்கும் எண்ணம் இருப்பதாக ஒரு வரி எழுதியவன் நீதான்; அதற்குமேல் நீயும் ஒன்றும் சொல்லவில்லை. வில்லியனூர் மனை இப்போது என்ன விலைக்குப் போகும் என்று அக்காவிடம் விசாரித்தாயாம். அவள் என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம்தான் சொன்னாள். போகட்டும், அரங்கத்துக்கே வருகிறேன்.

தொலைக்காட்சிப் பணத்தை நம்ப முடியாது, ஆகையால் டிக்கெட் வரவைப் பெருக்கியே ஆக வேண்டும் என்று நீ வாதிடுவாய். முதல் பாதி சரி. ஒளிபரப்பு உரிமையை வாங்கிய மீடியாப்ரோ நிறுவனம் 2020இல் பணம் கட்டாமல் நின்றதையும், 2024இல் வந்த டாசோன் ஒரே பருவத்தோடு விலகியதையும் உங்கள் கழகங்கள் பார்த்திருக்கின்றன. ஆனால் இருக்கையைப் பெருக்கினால் டிக்கெட் வரவு தானாகப் பெருகிவிடாது. 18 கழகங்கள் உள்ள பிரிவில் சொந்த மண்ணில் ஆடுவது 17 ஆட்டங்கள்தான். இடம் கிடைக்காது என்ற பயம் இருக்கும்வரை ரசிகர்கள் பருவம் தொடங்குவதற்கு முன்பே முழு ஆண்டு டிக்கெட்டையும் வாங்கி வைக்கிறார்கள். அந்தப் பணம் கோடைக்காலத்திலேயே கைக்கு வந்துவிடுகிறது. எப்போது போனாலும் இடம் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், மழை பெய்கிறதா, எதிரணி யார், நம்மவர்கள் போன வாரம் தோற்றார்களா என்று பார்த்துவிட்டு அன்று காலையில்தான் முடிவெடுப்பார்கள். காவலுக்கும் விளக்குக்கும் துப்புரவுக்கும் ஆகும் செலவோ, அரங்கம் பாதி நிறைந்தாலும் ஏறத்தாழ முழுதாகவே ஆகும்.

இத்தாலியில் ஜுவெண்டஸ் கழகம் செய்ததை உன் தலைவருக்குச் சொல். 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டிய, ஏறத்தாழ 69,000 பேர் அமரும் அரங்கம் அவர்களிடம் இருந்தது. அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 41,000 இருக்கைகளோடு சிறிதாகக் கட்டி 2011இல் குடிபுகுந்தார்கள். அதற்குப் பிறகு தொடர்ந்து ஒன்பது லீக் பட்டங்களை வென்றார்கள். பெரிய அரங்கமே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதே. லான்ஸ் ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 32,000. அரங்கத்தில் 38,000 பேர் அமரலாம். கேங்கான் ஊரில் ஏறத்தாழ 7,000 பேர்தான். 18,000 பேருக்கு இடம் வைத்திருக்கிறார்கள், பிரெஞ்சுக் கோப்பையை 2009இலும் 2014இலும் வென்றிருக்கிறார்கள். அங்கெல்லாம் சுற்றுவட்டாரமே திரண்டு வருகிறது, தோற்கும் ஆண்டுகளிலும் வருகிறது. உங்கள் அணி தோற்ற ஆண்டில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நீ எழுதவேயில்லை.

பிரெஸ்ட் கழகத்தை எனக்குப் பிடித்திருக்கிறது. 2023-24 பருவத்தில் முதல் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீகுக்கே போனார்கள். தங்கள் பழைய அரங்கம் ஐரோப்பிய விதிகளுக்கு ஒத்துவராததால், அந்த ஆட்டங்களைக் கேங்கான் அரங்கத்தில் ஆடிவிட்டு வந்தார்கள். அந்த ஒரு பருவத்துக்காக அவசரப்பட்டுப் புது அரங்கம் எழுப்பவில்லை.

ஆர்சனலை இழுப்பாய், தெரியும். 38,000 பேர் அமர்ந்த பழைய அரங்கத்திலிருந்து 60,000 பேரின் அரங்கத்துக்கு 2006இல் மாறினார்கள். டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் வரிசை நீண்டு கிடந்த லண்டன் கழகம் அது. வெங்கர் போன்ற பயிற்சியாளரும் இருந்தார். அவர்களுக்கே 2005க்குப் பிறகு அடுத்த கோப்பைக்கு 2014 வரை ஆயிற்று. உங்கள் தலைவரால் அத்தனை ஆண்டு பொறுக்க முடியுமா?

இன்னொன்று, இதுதான் என்னைத் தூங்கவிடாதது. வேலை முடியும்வரை வடக்குப் பக்கத்தில் தற்காலிக கேலரி போட்டு வருமானத்தைச் சமாளிக்கலாம் என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். நம் பக்கத்தில் எழுவர் ஆட்டப் போட்டிகளுக்குச் சவுக்குக் கழி நட்டு, குறுக்கே கட்டை கட்டி, பலகை பரப்பி கேலரி போடுவதை நீ பார்த்திருக்கிறாய். இறுதி ஆட்டத்தன்று கூட்டம் ஏறியதும், கட்டியவர் அடியில் குனிந்து ஒவ்வொரு முடிச்சையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே போவார். மணல் இளகிய இடத்தில் கழிக்கு அடியில் செங்கல் துண்டைச் செருகுவார். மேலே உட்கார்ந்து கத்துகிறவர்களுக்கு அவர் இருப்பதே தெரியாது. கோர்சிகா தீவின் பாஸ்தியா கழகத்து அரங்கில், பிரெஞ்சுக் கோப்பை அரையிறுதிக்குக் கூடுதல் கூட்டத்தை ஏற்றுவதற்காக அவசரமாக எழுப்பிய தற்காலிக கேலரி 1992 மே 5 அன்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சரிந்தது. குறைந்தது 18 பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். மே 5இல் தொழில்முறை ஆட்டம் எதுவும் நடத்தக் கூடாது என்று 2021இல் சட்டமே வந்தது. இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தத் தற்காலிக கேலரிக்கான செலவில் சோதனைச் செலவு தனியாக இருக்கிறதா என்று பார். அதில் ஒரு யூரோவையும் குறைத்துக் காட்ட ஒப்புக்கொள்ளாதே. தலைவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

என்னிடம் கேட்டிருந்தால் இப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பேன்: இருக்கிற கேலரிக்குக் கூரையும் நல்ல கழிப்பறையும் முதலில், கையிலுள்ள பணத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிப் பள்ளிக்கு. தெம்பெலே, கமவிங்கா என்ற ஆட்டக்காரர்களை வளர்த்து விற்ற ரென் கழகம் சம்பாதித்ததை எந்தக் கேலரியும் சம்பாதித்துக் கொடுக்காது. அணி மேலே ஏறி, இரண்டு பருவம் அங்கேயே நின்று, முழு ஆண்டு டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஒன்று உண்டான பிறகு கிழக்குப் பக்கத்தைத் தொடலாம். அப்போதும் அரங்கம் மேரிக்கு, அதாவது நகராட்சிக்கு, சொந்தம் என்பதால், கடனுக்கு யார் பொறுப்பு என்பதை முதலில் எழுத்தில் வாங்க வேண்டும். தவணை, கீழ்ப்பிரிவிலும் கட்ட முடிகிற தவணையாக இருக்க வேண்டும். இதை முன்பே எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அணி தோற்ற ஆண்டின் ஆட்டவாரியான டிக்கெட் கணக்கை எனக்கு அனுப்பு. ரகசியம் என்றால் கழகத்தின் பெயரை எடுத்துவிட்டு எண்களை மட்டும் அனுப்பு, பார்த்து எழுதுகிறேன். வில்லியனூர் மனையின் பத்திரம் என்னிடம்தான் இருக்கிறது, அக்காவிடம் இல்லை. அதைப் பற்றிக் கேட்பதானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா