பழைய ஆர்கான் மெஷினை ராடு எரித்துப் பார்த்து வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதிதாகப் பட்டறை தொடங்கும் இளைஞர்கள் பழைய இயந்திரங்களை வாங்கி முதலீட்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை யோசனை கூறியிருந்தது. லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் அந்த யோசனை பொருந்தும். அவற்றின் தேய்மானம் கண்ணுக்கும் கைக்கும் தெரிந்துவிடும். டங்ஸ்டன் முனையில் ஆர்க் எனும் மின்பொறியைப் பிடிக்கவைத்து, ஆர்கான் வாயுவின் காப்பில் உலோகத்தைப் பற்றவைக்கும் டிக் வெல்டிங் மெஷினுக்கு, எங்கள் பேச்சு வழக்கில் ஆர்கான் மெஷினுக்கு, அது அப்படியே பொருந்தாது. துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துபவன், இந்த விஷயத்தில் ஒருமுறை ஏமாந்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

திருச்சி பெல் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த எங்கள் வட்டாரத்தில் பாய்லர் குழாய்களின் இணைப்பில் ரூட் எனும் அடி வரிசையைப் போடுவது டிக் முறையில்தான் என்பதால், இந்த மெஷின் இல்லாத பட்டறை குறைவு. ஆர்டர் குறைந்து ஒரு பட்டறை மூடப்பட்டால் அதன் மெஷின்கள் அடுத்த வாரமே விலைக்கு வந்துவிடும். அப்படி வந்த ஏ.சி. (மாறு மின்சாரம்), டி.சி. (நேர் மின்சாரம்) இரண்டும் தரும் 300 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் ஒன்றை, அலுமினிய டேங்க் வேலை ஒன்று கைக்கு வந்திருந்த நேரத்தில், நான் பார்க்கப் போனேன். விற்பவரிடம் ஆர்கான் சிலிண்டர் இல்லை. அதனால் என்ன என்று ஹோல்டரை மாட்டி, 3.15 மி.மீ. ராடு (சாதாரண வெல்டிங் குச்சி) ஒன்றை இரும்புத் தகட்டில் முழுவதும் எரித்துக் காட்டினார். பீடு (வெல்டிங் வரி) அழகாக விழுந்தது. பணத்தைக் கொடுத்துக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் ஆர்கான் கேஸைத் திறந்து ஏ.சி.க்கு மாற்றி அலுமினியத்தில் டார்ச்சை வைத்தபோது, ஆர்க் இரண்டு நொடி நடுங்கி அணைந்தது. பலமுறை முயன்றும் அதே கதிதான். ஏ.சி. பக்கத்து போர்டு போய்விட்டது, இந்த மாடலை நிறுத்திவிட்டதால் போர்டும் கிடைக்காது என்று மெக்கானிக் கைவிரித்தார். விற்றவரிடம் கேட்டதற்கு, “ராடு எரிந்ததைப் பார்த்துத்தானே அண்ணே வாங்கினீங்க?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ராடு எரிவதற்கு மெஷினிலிருந்து கரண்ட் வந்தால் போதும். கேஸ் வால்வு, டார்ச் சுவிட்ச், தொடாமலே ஆர்க்கைப் பிடிக்க வைக்கும் ஹெச்.எஃப்., அலுமினியத்துக்கு வேண்டிய ஏ.சி. பகுதி ஆகிய எதுவும் அந்தச் சோதனையில் வேலை செய்வதே இல்லை. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆனால் அதன் மேல் படர்ந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். ஏ.சி.யில் டங்ஸ்டன் பாசிட்டிவாக மாறும் அரைச் சுற்றுதான் அந்தத் தோலை உடைத்துத் தருகிறது. ஆகவே டிக் வேலைக்காக வாங்கும் மெஷினை டிக் வேலை செய்துதான் பார்க்க வேண்டும். அதற்கு வாங்குபவரே தம் சிலிண்டர், ரெகுலேட்டர், புதிய 2.4 மி.மீ. டங்ஸ்டன், தாம் செய்யப்போகும் வேலைக்கான உலோகத் துண்டுகள் ஆகியவற்றோடு போக வேண்டும். ஆட்டோ கூலியை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நான் இழந்தது மெஷினின் முழு விலையை.

கேஸை நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் வரை வைத்து டார்ச் சுவிட்சை அழுத்தினால், முதலில் கேஸ் வரும் ஓசை கேட்க வேண்டும். அதன் பிறகே நீலப் பொறி பறந்து ஆர்க் பிடிக்க வேண்டும். ஒருமுறை பிடித்ததைப் பார்த்துத் திருப்தியடையாமல் பத்து முறையாவது அணைத்து அணைத்துப் பிடிக்கச் செய்து பார்ப்பது நல்லது. சுவிட்சை விட்டதும் டார்ச்சை எடுத்துவிடாமல் அங்கேயே வைத்திருந்து, கேஸ் நின்ற பிறகு டங்ஸ்டன் முனையை உற்றுப் பார்க்க வேண்டும். முனை வெள்ளிபோல் பளிச்சென்று இருந்தால் கவலை இல்லை. நீலமாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால், ஆர்க் அணைந்த பின் கேஸ் போதிய நேரம் வரவில்லை அல்லது எங்கோ காற்று உள்ளே புகுகிறது என்று பொருள். டார்ச்சின் கழுத்தருகே ஹோஸ் மடங்கி மடங்கி வெடித்திருக்கும். சோப்பு நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஹோஸ் செலவு சிறியது, வால்வு அதைவிடச் சற்றுப் பெரியது. இவற்றுக்காக மெஷினை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

அதிக ஆம்பியரைப் பார்த்து மயங்குவது இன்னொரு தவறு. எஸ்.எஸ். (எவர்சில்வர்) கைப்பிடியும் சமையலறை மேசையும் செய்யும் பட்டறையில் பெரும்பாலான வேலை 100 ஆம்பியருக்குள் முடிந்துவிடும். அங்கே 15, 20 ஆம்பியரில் ஆர்க் அசையாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அலுமினியம் தொடப்போவதில்லை என்றால் டி.சி. மெஷினே போதுமானது, ஏ.சி. பகுதி என்பது கெட்டுப்போவதற்கு இன்னொரு போர்டு, அவ்வளவுதான். திரையில் காட்டும் ஆம்பியரை நம்பாமல் கிளாம்ப் மீட்டரால் அளக்க வேண்டும். டி.சி. அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டரா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சாதாரண மீட்டர் பெரும்பாலும் ஏ.சி.யை மட்டுமே காட்டும்.

பெயர்ப் பலகை கழற்றப்பட்ட மெஷினை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் இனி தொடமாட்டேன். 300 ஆம்பியர், 60 சதவீதம் என்று அதில் எழுதியிருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் மட்டுமே அந்த ஆம்பியரில் ஓட்டலாம் என்று அர்த்தம். அந்தக் கணக்கும் 40 டிகிரி வெப்பத்தை வைத்துப் போடப்பட்டது. மே மாதத்தில் திருச்சியின் தகரக் கொட்டகைக்குள் வெப்பம் அதற்குக் கீழே இருப்பதில்லை. எனவே நம் வேலைக்கு வேண்டிய ஆம்பியரில் அரை மணி நேரமாவது விட்டு விட்டு ஓட்டி, ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறதா, சூட்டு விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூடியைத் திறந்து பார்க்க அனுமதி மறுப்பவரிடம் பேரம் பேசுவதில் பயனில்லை. ஆனால் அதைத் திறக்கும் வேலையை விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும். மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் 580 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கும். உள்ளே போர்டுகளின் மேல் கிரைண்டிங் தூள் கறுப்பாகப் படிந்திருக்கிறதா, கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா, புதிதாகப் பற்றவைத்த ஈயம் மட்டும் தனியாக மின்னுகிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த மாடலுக்குப் போர்டு இன்னும் கிடைக்குமா என்று தயாரிப்பாளரின் சர்வீஸ் பிரிவில் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நான் கேட்டது பணம் கொடுத்த பிறகு.

மெஷினோடு இலவசமாகத் தரப்படும் சிவப்பு முனை டங்ஸ்டன் கம்பிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் கதிரியக்கம் உடைய தோரியம் சேர்ந்திருக்கிறது; தீட்டும்போது கிளம்பும் தூள் மூச்சோடு உள்ளே போகக் கூடாது.

1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் ஊர் இது. அந்த நிலையமோ அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களோ வாரத்தில் ஒரு நாள், நியாயமான கட்டணம் பெற்றுக்கொண்டு, பழைய வெல்டிங் மெஷின்களை லோடு கொடுத்துச் சோதித்து, அளவுகளை எழுதிக் கையொப்பமிட்ட சீட்டு ஒன்றைத் தந்தால், வாங்குபவருக்கும் நேர்மையாக விற்பவருக்கும் பேரம் பேசத் தெளிவான ஆதாரம் கிடைக்கும். மாவட்டத் தொழில் மையம் இதற்கு முன்முயற்சி எடுக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்,
துவாக்குடி, திருச்சி மாவட்டம்.