பேப்பர் போடச் சொல்கிறோம், எழுதக் கற்றுத் தருகிறோமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணத்தை வாங்கிக்கொண்டு எதையும் படித்துப் பார்க்காமல் கட்டுரை வெளியிடும் போலி ஆய்விதழ்களில் பணம் கட்டி ஏமாந்த ஆய்வு மாணவர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். யார் எவ்வளவு கட்டினார்கள், வாட்ஸ்அப்பில் என்ன சொல்லி இழுத்தார்கள், புகார் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று செய்தி முழுக்கப் பணத்தைப் பற்றியே இருந்தது. தேவையான செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் கல்லூரியில் வேதியியல் நடத்தி, ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருந்து, ஓய்வுக்குப் பிறகும் சில இதழ்களுக்கு மதிப்பீட்டாளராக, வந்த கட்டுரை வெளியிடத் தக்கதா என்று படித்துச் சொல்லிக்கொண்டிருப்பவன் என்ற முறையில், பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று அந்தச் செய்தியில் விட்டுப்போனதாகத் தோன்றுகிறது.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்வு மாணவி, தெரிந்தவர் ஒருவர் சொல்லி, என்னைப் பார்க்க வந்தார். வேறு கல்லூரி. தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்பது அவருடைய ஆய்வு. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதைப் பற்றி யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பல்லில் பழுப்புக் கறையோடு வளரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. இந்தப் பெண் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஊர் ஊராகப் போய், மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் தண்ணீர் எடுத்திருக்கிறார். ஃபுளோரைடு பார்ப்பதற்குக் கண்ணாடிப் பாட்டில் ஆகாது, பிளாஸ்டிக் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும் என்பது வரை தெரிந்து செய்திருக்கிறார். அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கிணற்றின் ஆழம், தண்ணீர் எடுத்த தேதி, அன்றைய வெப்பநிலை, ஃபுளோரைடை அளக்கும் மின்முனையை எந்தெந்தக் கரைசலில் வைத்துச் சரிபார்த்தார் என்பதெல்லாம் பேனாவில் சுத்தமாக எழுதி வைத்திருந்தார்.

ஆனால் அப்படியொரு போலி இதழில் வெளியான அவருடைய கட்டுரையில் இதில் ஒன்றுகூட இல்லை. "நீர் எல்லா உயிர்களுக்கும் இன்றியமையாதது" என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் பொதுவான பேச்சு, அப்புறம் நேராக அட்டவணை. ஓர் அட்டவணையில் அளவு மில்லிகிராமில், அடுத்ததில் அலகே இல்லை. கால்சியம் குறைந்த கிணறுகளில் ஃபுளோரைடு ஏறியிருப்பது எண்களைப் பார்த்தாலே தெரிகிறது, இந்த ஆய்வின் உயிரே அதுதான், அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டுமானால் பேப்பர், அதாவது இதழில் வெளியான கட்டுரை, வேண்டும் என்று கல்லூரியில் நெருக்கியிருக்கிறார்கள், யாரோ ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு நாளில் ஏற்புக் கடிதம், பணம் கட்டியதும் சில நாளில் இணையத்தில் கட்டுரை. நெறியாளர் உட்பட எவரும் அதை முழுசாகப் படித்ததாகத் தெரியவில்லை.

"சார், இதையே நல்லா எழுதி வேற ஜர்னலுக்கு அனுப்பலாமா?" என்று கேட்டார். முடியாதும்மா என்று சொல்வதற்குள் எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தக் கட்டுரை வேறெங்கும் வெளியாகவில்லை, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்று எழுதிக் கொடுக்காமல் எந்த நல்ல இதழும் கட்டுரையை வாங்காது. ஒரு தடவை எங்கோ வெளியாகிவிட்டால் அந்தத் தரவு செலவழிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். கட்டுரையைத் திரும்பப் பெறலாமா என்று அந்த இதழுக்கு எழுதிக் கேட்டதற்கு, அதற்கும் தனிக் கட்டணம் கேட்டிருக்கிறார்கள். அந்த ஊர்களின் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இவ்வளவு ஒழுங்காகச் செய்த வேலை, குடிநீர்த் திட்டம் போடுகிறவர்கள் எவரும் எட்டிப் பார்க்காத ஓர் இடத்தில் போய்க் கிடக்கிறது. என்னால் தாங்க முடியாதது இதுதான்.

விதிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2016ஆம் ஆண்டு விதிகளில், ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்பே, மதிப்பீட்டாளர்கள் படித்துப் பார்த்து வெளியிடும் இதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2022 நவம்பரில் வந்த புதிய விதிகளில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் பல இடங்களில் அதைத் தங்கள் சொந்த விதியாக இன்னும் வைத்திருக்கிறார்கள், சில இடங்களில் ஸ்கோபஸ் என்ற சர்வதேசத் தரவுத்தளத்தில் இருக்கும் இதழில் வந்த பேப்பர்தான் வேண்டும் என்று ஒரு படி மேலேயே போய்விட்டார்கள். எது நல்ல இதழ் என்று சொல்ல யுஜிசி வைத்திருந்த பட்டியலிலிருந்து 2018 மே மாதம் ஒரேயடியாக 4,305 இதழ்களை நீக்கினார்கள், அப்புறம் அதற்குப் பதிலாக கேர் என்று யுஜிசியின் இன்னொரு பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இனி கல்வி நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பட்டியல் போனதில் எனக்கு வருத்தமில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த நேரத்தில் அந்த இதழில் போன வருஷம் வந்த நான்கு கட்டுரைகளைப் படித்திருந்தாலே அதன் யோக்கியதை தெரிந்திருக்கும். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறது சார் என்று மாணவர்கள் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். அது இதழை அடையாளம் காட்டும் எண் மட்டும்தான், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2013இல் சயன்ஸ் இதழின் செய்தியாளர் ஒருவர், வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதிய ஒரு புற்றுநோய் மருந்துக் கட்டுரையைக் கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவர் அனுப்பிய இதழ்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்தியாவிலிருந்து நடப்பவை.

சரி, நல்ல இதழுக்கு அனுப்புவது என்றால் என்ன செய்ய வேண்டும்? இதைத்தான் நம் துறைகளில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை வெட்டி எடுத்து அனுப்பினால் அது கட்டுரை ஆகாது. கட்டுரைக்கு ஒரே ஒரு கேள்வி இருக்க வேண்டும். தருமபுரிக் கட்டுரைக்கு அந்தக் கேள்வி, எந்தக் கிணறுகளில் ஃபுளோரைடு ஏறுகிறது, ஏன் என்பதுதான். அந்தக் கேள்விக்கு உதவாத அட்டவணை எவ்வளவு பாடுபட்டு எடுத்ததாக இருந்தாலும் வெளியே போக வேண்டும், அல்லது பின்னிணைப்புக்குப் போக வேண்டும். அட்டவணைகளையும் படங்களையும் முதலில் வரிசைப்படுத்திவிட்டு, என்ன செய்தோம், என்ன கிடைத்தது என்ற பகுதிகளை எழுதி, முன்னுரையைப் பிறகு எழுதி, சுருக்கத்தைக் கடைசியில் எழுதச் சொல்வேன் நான். மதிப்பீட்டாளராக வர ஒப்புக்கொள்ளலாமா என்று எனக்கு மின்னஞ்சல் வரும்போது அதில் இருப்பது அந்தச் சுருக்கம் மட்டும்தான், அதில் ஒரு எண்கூட இல்லாமல் "முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன" என்று முடிந்தால் ஒப்புக்கொள்ளவே யோசனையாக இருக்கும்.

நீர் பற்றிய கட்டுரை வந்தால் நான் முதலில் செய்வது ஒரு சின்னக் கணக்கு. அட்டவணையில் ஒரு மாதிரியை எடுத்து, நேர்மின் அயனிகளான கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஒரு பக்கமும், எதிர்மின் அயனிகளான பைகார்பனேட், குளோரைடு, சல்பேட் போன்றவை மறு பக்கமும், மின்னூட்டத்தைக் கணக்கில் கொள்ளும் மில்லிஈக்விவலன்ட் அலகில் கூட்டிப் பார்ப்பேன். இரண்டும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள் என்றால் நிம்மதியாக மேலே படிக்கலாம், பத்தைத் தாண்டினால் எங்கோ ஓர் அளவீடு தப்பு. கட்டுரையை எழுதியவரே, அல்லது பக்கத்து மேசையில் இருக்கும் இன்னொரு ஆய்வாளரே, பத்து நிமிஷத்தில் போட்டுப் பார்த்திருக்கக்கூடிய கணக்கு இது. ஆனால் இந்தக் கணக்கிலேயே விழுந்துவிடும் கட்டுரைகள் என்னிடம் தொடர்ந்து வருகின்றன, அதற்கு மேல் அதில் என்ன நல்லது இருந்தாலும் எப்படி நம்புவது?

மேற்கோள் பட்டியலிலும் இதே கதைதான், அதுவும் இப்போது ஏஐயிடம் கேட்டு எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்டதால் உலகத்திலேயே இல்லாத கட்டுரைகள் பட்டியலில் வந்து உட்காருகின்றன. ஒவ்வொன்றையும் திறந்து பார்க்காமல் சேர்க்கக் கூடாது. கருத்துத்திருட்டு விதிகளில் பிறர் எழுதியதோடு பத்து சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை என்று 2018இல் வந்தாலும் வந்தது, வாசகங்களைச் சொல்மாற்றி மென்பொருளில் போட்டுச் சதவீதத்தைக் குறைப்பதே வேலையாகிவிட்டது. அப்படி மாற்றிய வாக்கியத்தைப் படிக்கிறவனுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

மதிப்பீட்டுக்குப் போனபிறகு நடப்பதையும் யாரும் சொல்வதில்லை. சில இதழ்களில் ஆசிரியரே பார்த்துவிட்டு, எங்கள் எல்லைக்குள் வராது என்று ஒரு வாரத்தில் திருப்பிவிடுவார், அதில் அவமானம் ஒன்றும் இல்லை, நேரம் மிச்சம். மதிப்பீட்டுக்குப் போய்விட்டால் மாதக்கணக்கில் ஆகும், ஏனென்றால் எங்களைப் போன்றவர்கள் சம்பளம் இல்லாமல் மற்ற வேலைகளுக்கு நடுவே படிக்கிறோம். அப்புறம் மேஜர் ரிவிஷன் என்று ஒரு பதில் வரும். அதைப் பார்த்ததும் எல்லாம் முடிந்துபோனது என்று மூடி வைத்துவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! திருத்தி அனுப்புங்கள், மறுபடி படிக்கிறோம் என்பதுதான் அதன் பொருள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார்கள். அப்போது எழுத வேண்டிய பதில் கடிதம் கட்டுரை அளவுக்கே முக்கியம். மதிப்பீட்டாளர் சொன்ன ஒவ்வொன்றையும் எண் போட்டு அப்படியே எடுத்து எழுதி, அதற்குக் கீழே என்ன மாற்றினோம், எந்தப் பக்கம், எந்த வரி என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னது சரியில்லை என்றால் காரணத்தோடு மறுக்கலாம், நான் கேட்ட ஒரு மாற்றம் தேவையில்லை என்று ஓர் ஆய்வாளர் தரவோடு எழுதியதைப் படித்து நானே என் கருத்தை விட்டுக்கொடுத்திருக்கிறேன். "நன்றி, திருத்திவிட்டோம்" என்று எல்லாக் கேள்விக்கும் ஒரே வரியைப் போட்டுவிட்டு, உள்ளே ஒன்றையுமே மாற்றாமல் அனுப்புவதைத்தான் எவராலும் மன்னிக்க முடியாது.

ராமானுஜனின் முதல் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, 1911இல் இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழில் வந்தது. அதன் ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார், படிக்கிறவர்களுக்குப் புரியும்படி இல்லை என்று அந்தக் கையெழுத்துப் படியைத் திரும்பத் திரும்ப அனுப்பித் திருத்தி வாங்கித்தான் போட்டார். ராமானுஜனுக்கே அப்படி ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார், கிடைத்தார். நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது இரண்டு நாளில் ஏற்புக் கடிதம்.

பணம் இல்லாமல் நல்ல இதழில் போட முடியாது என்ற நினைப்பும் தவறு. பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமி (இந்தியன் அகாடமி ஆஃப் சயன்சஸ்) நடத்தும் ஜர்னல் ஆஃப் எர்த் சிஸ்டம் சயன்ஸ் போன்ற இதழ்களில், தருமபுரிக் கட்டுரை போன்ற ஒன்றை, எழுதுகிறவர் காசு கட்டாமலே வெளியிட வழியிருக்கிறது. படிக்க இதழ் கிடைக்கவில்லை என்ற பழைய குறையும் அரசுக் கல்லூரிகளுக்கு இப்போது பெருமளவு தீர்ந்துவிட்டது, 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் ஏறக்குறைய 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. சுயநிதிக் கல்லூரி மாணவர்கள் மட்டும் இதில் வெளியே நிற்கிறார்கள், அவர்களையும் சேர்க்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் என்று 2 கிரெடிட், 30 மணி நேரப் பாடம் ஏற்கெனவே யுஜிசி கட்டாயமாக்கியிருக்கிறது. நான் பார்த்தவரை அது ஸ்லைடு போட்டுப் படித்துக் காட்டி, ஒரு பரீட்சை வைத்து முடிந்துவிடுகிறது. அந்த 30 மணியில் பாதியையாவது, மாணவர் தன் சொந்தக் கட்டுரையைக் கொண்டுவந்து, துறையில் இரண்டு பேர் அதை மதிப்பீட்டாளர் போலப் படித்து எழுத்தில் கருத்துச் சொல்லி, அவர் அதற்குப் பதில் கடிதம் எழுதித் திருத்திக் காட்டுவதற்கு ஒதுக்குங்கள். அந்த இரண்டு பேரின் கையெழுத்து இல்லாமல் எந்தக் கட்டுரையும் துறையை விட்டு வெளியே போகக் கூடாது. நெறியாளரின் பெயரும் கட்டுரையில் வருகிறதே, அவரும் முழுசாகப் படித்ததாக எழுதிக் கொடுக்கட்டும். ஆய்வேட்டுக்குப் பேப்பர் கட்டாயம் என்ற உள்ளூர் விதியை வைத்திருக்கிற பல்கலைக்கழகங்கள், இதைச் செய்து தரும் வரையிலாவது அந்த விதியை நிறுத்தி வைக்க வேண்டும்.

அந்த மாணவியிடம் இந்த மழைக்காலத்துக்குப் பிறகு அதே கிணறுகளில் மறுபடி தண்ணீர் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், பழைய அளவுகளை வெளியானவை என்றே மேற்கோள் காட்டிவிட்டு, புதியவற்றோடு ஒப்பிட்டு வேறு கேள்வியோடு எழுதலாம். பேருந்துக் கட்டணத்துக்கும் வேதிப்பொருளுக்கும் அவருடைய கல்லூரி ஏதாவது கொடுக்குமா என்று கேட்டிருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
சேலம்.