ஹாம்பர்க்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலமா?

இங்கே குளிர் பிடித்துவிட்டது. டிசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கிறது, மாலை நான்கு மணிக்கெல்லாம் விளக்குப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது, அரிசி பருப்பெல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுவேன். முதியோர் இல்லத்தில் வேலை இடுப்பை ஒடிக்கிறது. ஆனாலும் அங்கிருக்கும் பாட்டிகள் என் ஜெர்மனைத் திருத்திக்கொண்டே பிரியமாகப் பேசுகிறார்கள். சம்பளம் ஒழுங்காக வருகிறது.

சரி, ஃபோனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் ஓர் ஓவியம். ரயில் நிலையத்தை ஒட்டியே குன்ஸ்ட்ஹாலே என்ற பெரிய ஓவியக்கூடம் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். டியூட்டி முடிந்து போகத் தோதாக இருக்கிறது. அங்கே கூட்டமெல்லாம் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் என்ற அந்தக்கால ஜெர்மன் ஓவியர் வரைந்த மேகமூட்டத்து மலை முன்னால்தான். நான் நிற்பது அவரை அவருடைய நண்பர் கெர்ஸ்டிங் 1811-இல் வரைந்த ஒரு சின்னப் படத்தின் முன்னால். உயரம் 54 செ.மீ., அகலம் 42 செ.மீ., அவ்வளவுதான்.

ஒரு வெறும் அறை. நாற்காலியில் ஃப்ரீட்ரிஷ், காலில் வீட்டுச் செருப்பு, எதிரே ஸ்டாண்டில் பாதி முடிந்த அருவிப் படம். சுவரில் அலங்காரம் எதுவும் இல்லை. வண்ணம் குழைக்கும் பலகை, ஸ்கேல், மூலைமட்டம் மட்டும் தொங்குகின்றன. அவருடைய அறை நிஜமாகவே அப்படித்தான் இருந்ததாம். அங்கே போய்வந்த இன்னோர் ஓவியரின் மகன் பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

அப்பா, அவர் வலது கை ஒரு நீளக் கோலின் மேல் இருக்கிறது! போர்டு எழுதும்போது ஈரப் பெயிண்டில் கை படாமல் நீங்கள் ஊன்றிக்கொள்வீர்களே, அதே கோல். மணிக்கட்டு கோலில் பதிந்திருக்க, விரல்கள் மட்டும் வேலை செய்கின்றன. பார்த்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜவுளிக்கடைப் பலகையில் ‘ழ’வின் சுழியை நீங்கள் ஒரே இழுப்பில் முடித்தது கண்முன் வந்தது. கீழே டப்பாவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

அப்புறம் அந்த ஜன்னல்கள். ஒன்றை முழுக்க அடைத்திருக்கிறார், இன்னொன்றில் கீழ்ப்பாதியை அடைத்துவிட்டு மேலிருந்து மட்டும் வெளிச்சம் விடுகிறார். ஃப்ரீட்ரிஷ் டிரெஸ்டனில் எல்பே ஆற்றோரப் பகுதியில் இருந்தவர். இங்கே ஹாம்பர்க் துறைமுகத்துக்கு வருவதும் அதே ஆறுதான். மலையும் கடலும் வரைகிற மனிதர், வெளியே பார்க்க வழியில்லாமல் அடைத்துக்கொண்டு வரைகிறார்! வெளியே நடந்து பென்சிலால் குறித்துக்கொண்டு வந்ததையும் மனதில் இருப்பதையும் வைத்துத்தான் வேலை. 1810-இல் கெர்ஸ்டிங்கும் அவரும் சேர்ந்து ரீசன்கெபிர்கே மலைகளில் நடந்திருக்கிறார்கள். அந்த மலைகளை அவர் அறைக்குள் உட்கார்ந்து வரைவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் கெர்ஸ்டிங். அதனால்தான் மனிதரைத் தொந்தரவு செய்யாமல் வரைய முடிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். 1813-இல் நெப்போலியனுக்கு எதிரான படையில் கெர்ஸ்டிங் சேர்ந்தபோது, ஆயுதத்துக்கும் உடைக்கும் உதவியவர்களில் ஃப்ரீட்ரிஷும் ஒருவர். பின்னாளில் கெர்ஸ்டிங் மைசன் பீங்கான் ஆலையில் ஓவியப் பிரிவுக்குத் தலைவரானார்.

நான் ஒண்டியாகக் கிடக்கிறேனே என்று அம்மா அழுவதாகத் தம்பி சொன்னான். அந்த அறையில் ஃப்ரீட்ரிஷும் ஒண்டிதான், ஆனால் அவரைப் பார்த்து யாருக்கும் பரிதாபம் வராது. அம்மாவிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

நிழல் விழாமல் இருக்கத்தான் அப்படி அடைத்தாரா, அவர் கோலைப் பிடித்திருப்பது சரிதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கார்டு கடையில் இருக்கிறது, அனுப்பலாம். ஆனால் சின்னதாகப் பார்த்தால் உங்களுக்குப் பிடிபடாது, நேரில் பார்க்க வேண்டும். கண்புரை ஆபரேஷனைத் தை மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள், பணத்தைத் தம்பி கணக்கில் போட்டுவிட்டேன். அது முடிந்ததும் நீங்களும் அம்மாவும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடுங்கள். ஜூனில் இங்கே இரவு பத்து வரை வெளிச்சம் இருக்கும், அப்போது வாருங்கள்.

உங்கள் அன்பு மகள்