செல்வா, இந்தியன் ஸ்பிரிங்ஸ் போயிருந்தேன்

டேய் செல்வா,

நீ ரெண்டு மெயில் போட்டும் எட்டு மாசமா பதில் போடல, தப்புதான், திட்டிக்கோ. வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம், சின்னவளுக்கு முன்பல்லு விழுந்துருச்சு, அம்மாவுக்கு முட்டிவலி இப்ப பரவால்ல. மேஸ்திரி வீட்டு கல்யாணத்துக்கு வர முடியலன்னு நீயே அவன்ட்ட பக்குவமா சொல்லிடு, நீ சொன்னாதான் கேப்பான்.

எழுத உக்காந்தது வேற விஷயத்துக்கு. போன சனிக்கிழமை அட்லாண்டால இருந்து தெக்கால ஒரு மணி நேரம் கார்ல போனா இந்தியன் ஸ்பிரிங்ஸ்னு ஒரு இடம், அங்க போனோம். சின்ன கல்வீட்டுக்குள்ள ஊத்துத்தண்ணி குழாய்ல வருது, ஜனங்க கேன் கேனா பிடிச்சுட்டுப் போறாங்க, கிட்டப் போனா அழுகின முட்டை வாடை, கந்தகம். பக்கத்துலயே 1823ல கட்டின மர ஹோட்டல் இன்னும் நிக்குது. கட்டினவர்ல ஒருத்தர் வில்லியம் மெக்கின்டாஷ். அப்பா ஸ்காட்டிஷ் வழி, அம்மா கிரீக் (Creek), அங்க இருந்த அமெரிக்கப் பழங்குடி இனம். அவங்கள்ல குலம் அம்மா வழிதான், அதனால அவர் முழுசா கிரீக்தான், பெரிய தலைவரும்கூட.

1825 பிப்ரவரி 12, இங்கதான் அமெரிக்க அரசோட நில ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டார். ஜார்ஜியாவுல மிச்சமிருந்த கிரீக் நிலம் கிட்டத்தட்ட மொத்தமும், அலபாமாவுல கொஞ்சமும் போச்சு. 4 லட்சம் டாலர், அதுல 2 லட்சம் அவர் கோஷ்டிக்குத் தனியா. தேசிய கவுன்சில் சம்மதம் இல்லாம நிலத்தை வித்தா மரண தண்டனைன்னு கிரீக் சட்டம் இருந்துச்சுடா, அந்தச் சட்டத்துக்குத் தலையாட்டினவர்ல இவரும் ஒருத்தர்! ஒபோத்லெயஹோலான்னு ஒரு கிரீக் பேச்சாளர் அங்கயே, இது செல்லாது, வேணாம்னு எச்சரிச்சிருக்கார், கேக்கல.

ஏப்ரல் 30 விடியற நேரம் மெனாவாங்கிற கிரீக் தலைவர் தலைமையில அந்தத் தண்டனையை நிறைவேத்த ஆளுங்க வந்து வீட்டைச் சுத்தி வளைச்சாங்க, பொம்பளைங்க பிள்ளைங்களை வெளிய விட்டுட்டு வீட்டைக் கொளுத்தி அவரைச் சுட்டாங்க. இந்த மெனாவா யாரு தெரியுமா, 1814ல ஹார்ஸ்ஷூ பெண்ட் சண்டையில ஏழு குண்டு வாங்கியும் பொழைச்சவர், அன்னைக்கு எதிர்பக்கம் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனோட நின்னவர் மெக்கின்டாஷ்.

ஹாஸ்டல் மொட்டைமாடில நீயும் நானும் விடிய விடிய சண்டை போட்டோமே, நான் என்ன சொன்னேன், கையெழுத்து போட்டவன் துரோகி, அவ்ளோதான்னு. இப்ப அப்படிச் சொல்ல வாய் வரமாட்டேங்குது, ஏன்னா அதுக்கப்புறம் நடந்ததைப் பாரு. ஒபோத்லெயஹோலாவும் மெனாவாவும் வாஷிங்டன் போய் வாதாடி, ஏற்கனவே செனட் ஏத்துக்கிட்ட ஒப்பந்தத்தையே 1826 ஜனவரில ரத்து பண்ண வச்சாங்க. எவ்வளவு பெரிய காரியம்! ஆனா அதை ரத்து பண்ணின அதே புது ஒப்பந்தத்துல ஜார்ஜியா நிலத்துல பெரும்பகுதி திரும்பவும் போயிடுச்சு. ஜார்ஜியா ஆளுநர் ட்ரூப், மெக்கின்டாஷுக்கே சொந்தக்காரர், நிலத்தைக் கைமாத்தக் குறிச்ச தேதி வர்றதுக்கு முன்னாடியே சர்வேயர்களை அனுப்பிட்டார், ஜனாதிபதி ஆடம்ஸ் மிரட்டினார், கடைசில ஆடம்ஸே பின்வாங்கினார். 1827ல மிச்ச சொச்சமும் காலி. முறையா போனவங்களுக்கும் இதே கதிதான்டா. எனக்கு அதுதான் தாங்கல, அந்த ஹோட்டல் வாசல்ல நின்னப்ப நெஞ்சு அடைச்ச மாதிரி ஆயிடுச்சு.

ஆனா மெக்கின்டாஷை மன்னிக்கவும் முடியல. போறது போகத்தான் போகுது, கிடைக்கிற விலையை வாங்கிக்கலாம்னு அவர் நினைச்சிருக்கலாம், ஆனா தன் கோஷ்டிக்குன்னு அந்த 2 லட்சத்தை எதுக்கு வாங்கணும்? நீ அன்னைக்கு அவர் மாதிரி ஆளுங்க பக்கம் பேசினியே, இதுக்கு என்ன சொல்ற, உண்மையா யோசிச்சு எழுது.

சின்னவ ஒரு பாட்டில் அந்தத் தண்ணியைப் பிடிச்சு வந்து ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கா, தொறந்தா வீடே நாறுது, கொட்ட விடமாட்டேங்குறா.

சீக்கிரம் எழுது,
முரளி