வீட்டு இணைய இணைப்பில் தனியுரிமை: தொலைத்தொடர்புத் துறைச் செயலருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தாராவி 90 அடி சாலை வட்டாரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள்,
மும்பை 400017.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
தொலைத்தொடர்புத் துறை, இந்திய அரசு,
சஞ்சார் பவன், 20 அசோகா சாலை,
புது தில்லி 110001.

பொருள்: நாங்கள் எந்தெந்த இணையதளங்களுக்குப் போகிறோம் என்பதை உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் பார்க்கவோ சேர்த்துவைக்கவோ வழியில்லாமல் செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் பகுதியில் பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் நிறுவனத்திடமிருந்து நேராக வருவதில்லை. உரிமம் வைத்திருப்பது ஒரு நிறுவனம். கம்பி இழுப்பது, ரௌட்டர் மாட்டுவது, மாதாமாதம் பணம் வாங்குவது எல்லாம் தெருவிலுள்ள கேபிள்காரர். முன்பு டிவி கனெக்‌ஷன் கொடுத்தவரேதான் இப்போது ஃபைபரும் கொடுக்கிறார். மழையில் லைன் அறுந்தால் ராத்திரியிலும் ஏணியோடு வந்து நிற்கிறவர்கள் அவர்கள். அவர்கள் பிழைப்பைக் கெடுப்பதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் கையில் இருக்கவே கூடாத ஒன்று அவர்கள் கையில் இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறோம்.

எங்கள் சாலில் (ஒரே கட்டடத்தில் வரிசையாக உள்ள சிறு வீடுகளில்) கல்லூரிக்குப் போகும் ஒரு பெண். அவள் போனில் என்னென்ன தளங்கள் பார்க்கிறாள் என்பதை ஆபரேட்டரிடம் வேலை பார்க்கும் பையன் அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டான். கருத்தடை பற்றிய ஒரு மருத்துவத் தளத்தின் பெயரும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை இங்கே எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. அவள் போனை யாரும் தொடவில்லை, பாஸ்வேர்டைத் திருடவில்லை. ஆபரேட்டர் அறையிலுள்ள ரௌட்டரில் டி.என்.எஸ். பதிவைத் திறந்தால் எந்த இணைப்பிலிருந்து எந்தத் தளத்தின் பெயர் எத்தனை மணிக்குக் கேட்கப்பட்டது என்று வரிசையாக வருகிறது. அந்தப் பையன் செய்ததெல்லாம் அதைத் திறந்து படித்ததுதான்.

தளத்தின் பெயரைச் சொல்லி, இணையத்தில் அதன் முகவரியான ஐ.பி. எண்ணைக் கேட்டு வாங்கும் முறைதான் டி.என்.எஸ். 1983இல் அதை வடிவமைத்தபோது, கேட்கும் கேள்வியை மறைக்க எந்த ஏற்பாடும் செய்யவில்லை. இன்றும் 53ஆம் போர்ட் என்னும் இணைப்பு வாசல் வழியாகப் போகும் கேள்வியை நடுவிலுள்ள எந்தக் கருவியும் படிக்கலாம். பிரவுசரில் தெரியும் பூட்டு அடையாளம் தளத்துக்குள் என்ன படித்தோம் என்பதை மறைக்கிறது. எந்தத் தளம் என்பதை மறைப்பதில்லை. பல நேரங்களில் அந்தப் பெயர் ஒன்றே போதும். காசநோய், எச்.ஐ.வி. பரிசோதனை, கடன் ஆப், விவாகரத்து வக்கீல், வேறு வேலை தேடும் தளம். சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் வீடுகளில் இப்படி ஒரு பெயர் வெளியே வந்தால் சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னது. காவல்துறை ஒருவரின் தகவல் தொடர்பை இடைமறிக்க வேண்டுமானால் சாதாரணமாக மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலரின் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவையும் பிறகு ஒரு குழு மறுஆய்வு செய்ய வேண்டும். அந்த நடைமுறையை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் உள்துறைச் செயலரின் கையெழுத்து இல்லாமல் ஓர் இன்ஸ்பெக்டர் பார்க்கக்கூடாததை, மாதச் சம்பளத்துக்கு வயர் இழுக்கும் பையன் யாரையும் கேட்காமல் பார்க்கிறான். இது எப்படிச் சரியாகும்?

இதைச் சரிசெய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. டி.என்.எஸ். கேள்வியை மறையாக்கம் செய்து, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் முறைகள் 2016இலும் 2018இலும் இணையத் தரங்களாக வந்துவிட்டன. ஆண்ட்ராய்டு போன்களில் 2018 முதல் பிரைவேட் டி.என்.எஸ். வசதி இருக்கிறது. அது வழக்கமாகத் தானியங்கி நிலையிலேயே இருக்கும். அதாவது, நெட்வொர்க் கொடுக்கும் டி.என்.எஸ். சர்வர் 853ஆம் போர்ட்டில் மறையாக்கத்தை ஏற்றால், போன் தானாகவே அதற்கு மாறிக்கொள்ளும். வாடிக்கையாளர் எதையும் தொட வேண்டாம். எங்கள் அம்மாக்களிடம் செட்டிங்ஸைத் திறந்து மாற்றச் சொல்வதைவிட, நிறுவனம் தன் சர்வரில் ஒரு முறை மாற்றுவது எவ்வளவோ சுலபம்.

ஆகவே, உரிமம் பெற்ற ஒவ்வொரு இணைய நிறுவனமும் தன் டி.என்.எஸ். சர்வரில் மறையாக்க வசதியைக் கட்டாயம் தர வேண்டும் என்று உரிம நிபந்தனையில் சேர்க்கக் கோருகிறோம். அதோடு, வீட்டு ரௌட்டரும் ஆபரேட்டரின் ரௌட்டரும் நடுவில் புகுந்து தாங்களே டி.என்.எஸ். பதில் தருவதை நிறுத்த வேண்டும். அல்லது மறையாக்கத்தோடு மட்டுமே மேலே அனுப்ப வேண்டும். இதை விட்டுவிட்டால் முதல் நிபந்தனை காகிதத்தில்தான் இருக்கும். பதில் தருவது அதே நிறுவனத்தின் சர்வர்தான் என்பதால், அரசு தடைசெய்த தளங்களைத் தடுப்பதில் எந்த மாற்றமும் வராது. டி.என்.எஸ்.ஸை மூடினாலும் இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயர் பெரும்பாலும் ஒருமுறை வெளியே தெரிகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதையும் மூடும் ஈ.சி.எச். முறையை நிறுவனங்கள் தடுக்காமல் இருந்தால் போதும்.

அப்புறம், பதிவுகள். இணையப் பயன்பாட்டுப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 180 நாள் பதிவு கேட்டது. எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதை யார் திறக்கலாம், திறந்தவர் பெயர் எங்கே பதிவாகும், கெடு முடிந்ததும் அழித்ததற்கு என்ன அத்தாட்சி என்பது கேபிள்காரர் மட்டம் வரை எழுத்தில் வர வேண்டும். அந்தப் பதிவு உரிமம் பெற்ற நிறுவனத்திடம் மட்டுமே இருக்கட்டும். தெருமுனை ஆபரேட்டரின் ரௌட்டரில் ஒரு வரிகூட இருக்க வேண்டாம்.

ரௌட்டர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதியில் மாட்டப்பட்ட பழைய ரௌட்டர்கள் பலவற்றில் பயனர் பெயரும் ‘அட்மின்’, பாஸ்வேர்டும் ‘அட்மின்’. ஒரே இணைப்பை மாடியும் கீழ்வீடும் பகிர்ந்துகொள்ளும்போது யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். இப்படி எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரலிலேயே சட்டப்படி நிறுத்திவிட்டது. இங்கே புதிதாக விற்பனைக்கு வரும் கருவிகளுக்குக் கட்டாயச் சோதனை இருக்கிறது. ஏற்கனவே சுவரில் தொங்கும் ரௌட்டர்களையும் கணக்கில் எடுத்து, நிறுவனங்கள் தங்கள் செலவில் மாற்றித்தர ஒரு கெடு வையுங்கள்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அந்த அவகாசம் முடியும்வரை காத்திருக்காமல், உரிம நிபந்தனை என்ற அதிகாரத்தைத் தங்கள் துறை உடனே பயன்படுத்த வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

மனுவின் இந்தி, ஆங்கில வடிவங்களும் கையெழுத்துப் பட்டியலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அந்தப் பெண்ணின் பெயரோ வீட்டு எண்ணோ எதிலும் இல்லை. விசாரணை என்ற பேரிலும் அவற்றைக் கேட்க வேண்டாம் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறோம். துறையின் மும்பை அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தால், சொந்த இணைப்பைச் சோதித்துக் காட்ட எங்களில் சிலர் தயாராக இருக்கிறார்கள். மனுவின்மேல் எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாராவி 90 அடி சாலை வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள்

இடம்: மும்பை